புதுப்பிப்பு: 2.4 கிகாஹெர்ட்ஸ் எல்என்ஏ கெயின் சரிவு, காரணம் பாண்ட் வயர்தான்

சிப்பில் கெயின் (பெருக்கம்) ஏன் குறைகிறது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்; பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சிமுலேஷனில் 15 டெசிபெல் கெயின் காட்டிய சிமாஸ் எல்என்ஏ (பலவீனமான ரேடியோ சிக்னலை இரைச்சல் அதிகம் சேராமல் பெருக்கும் சுற்று), சிப்பாக வந்தபின் 9 மட்டுமே தந்தது. எஸ்11 (உள்ளீட்டில் திரும்பிப் பிரதிபலிக்கும் அளவு; கீழே போகப் போக நல்லது) -6 டெசிபெல்.

பயாஸை (டிரான்சிஸ்டரின் இயக்க நிலையை) மாற்றிப் பார்த்ததில் பலனில்லை. கிரவுண்டுக்குப் போகும் பாண்ட் வயரை (சிப்பைப் பேக்கேஜோடு இணைக்கும் மெல்லிய கம்பியை) சந்தேகிக்கச் சொன்னவர் கணிப்பே சரி. உள்ளீட்டு மின்தடையை 50 ஓமாக்க, டிரான்சிஸ்டரின் சோர்ஸ் முனையில் சிப்புக்குள் 0.5 நானோஹென்றி இண்டக்டர் வைத்திருந்தேன். கிரவுண்ட் பேடிலிருந்து பேக்கேஜின் லீடுக்குப் (காலுக்கு) போன 1 மில்லிமீட்டர் வயர் இன்னொரு 1 நானோஹென்றியைச் சேர்த்தது. உள்ளீட்டு மின்தடை 50 ஓமிலிருந்து 150 ஓமுக்கு எகிறிவிட்டது.

அவர் சொன்னபடி, கியூஎஃப்என் பேக்கேஜின் அடியிலுள்ள கிரவுண்ட் தட்டுக்கே 0.6 மில்லிமீட்டரில் மூன்று டவுன்பாண்ட் (சிப்பிலிருந்து அந்தத் தட்டுக்கு இறங்கும் குட்டை வயர்) போட்டு, போர்டில் கேட் இண்டக்டரைத் திரும்ப ட்யூன் செய்தேன். இப்போது கெயின் 12.7, எஸ்11 -13 டெசிபெல்.

எதிர்பாராதது: மூன்று வயர் என்றால் ஒரு வயரின் 0.6 நானோஹென்றி மூன்றில் ஒரு பங்காக, 0.2 ஆகும் என்று நினைத்தேன். பக்கத்துப் பக்கத்தில் ஓடுவதால் பரஸ்பரத் தூண்டல் சேர்ந்து 0.3 நானோஹென்றி நிற்கிறது. அடுத்த டேப்அவுட்டில் (தயாரிப்புக்கு அனுப்பும் சிப் வடிவமைப்பில்) உள் இண்டக்டரை 0.2 ஆக்குகிறேன், மொத்தம் மறுபடி 0.5 வரும்.