புரோட்டீன் கணக்கில் 65.7 வருகிறது, விடை 49,900. எங்கே இடிக்கிறது?

கேள்வி (பிளஸ் ஒன்):
கரைசல்கள் பாடத்தில் ஒரு கணக்கு. 2 கிராம் புரோட்டீன் உள்ள 250 மி.லி. கரைசலுக்கு 27 டிகிரி செல்சியஸில் சவ்வூடு பரவல் அழுத்தம் 3 மி.மீ. பாதரசம். மோலார் நிறை கேட்கிறார்கள். மோலார் நிறை = நிறை × வாயு மாறிலி × வெப்பநிலை ÷ (அழுத்தம் × கன அளவு) என்ற சூத்திரத்தில் மாறிலி 0.0821, 300 கெல்வின், 0.25 லிட்டர் எல்லாம் போட்டேன். 65.7 வருகிறது. விடைப் பக்கத்தில் 49,900. சூத்திரமே தப்பா?

பதில் 1:
சூத்திரம் சரி. 49,900-ஐ 65.7-ஆல் வகுத்துப் பாருங்கள், 760 வரும். அந்த எண்ணே காட்டிக் கொடுத்துவிடுகிறது. 0.0821-க்குள் அட்மாஸ்பியர் அலகு இருக்கிறது. நீங்கள் அழுத்தத்தை மி.மீ.-லேயே விட்டுவிட்டீர்கள்.

3 ÷ 760 = 0.003947 அட்மாஸ்பியர்
0.0821 × 300 = 24.63
செறிவு = 0.003947 ÷ 24.63 = 0.0001603 மோலார்
கால் லிட்டரில் 0.00004007 மோல்
2 ÷ 0.00004007 = சுமார் 49,900

இடையில் தசமங்களை வெட்டினால் 50,000 என்று வரும், பரவாயில்லை. இனி விடை இடித்தால் இரண்டையும் வகுத்துப் பாருங்கள்: 1000 மடங்கு என்றால் மி.லி.-ஐ மாற்றவில்லை; 11 மடங்கு என்றால் 300-க்குப் பதில் 27 போட்டிருக்கிறீர்கள். அழுத்தம் பாரில் கொடுத்திருந்தால் மாறிலி 0.0831. இது மாறிப்போனால் 1 சதவீதம்தான் பிசகும், அதனால் கண்ணில் படாது.

பதில் 2:
யூரியாவுக்கே 60. புரோட்டீனுக்கு 65.7 வந்தவுடனே பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும்!

இதற்கு உறைநிலைத் தாழ்வை (கரைபொருளால் உறைநிலை எவ்வளவு இறங்குகிறது என்பதை) ஏன் எடுப்பதில்லை என்று வைவாவில் கேட்பார்கள். நீரின் உறைநிலைத் தாழ்வு மாறிலி 1.86; 1.86 × 0.00016 = 0.0003 டிகிரி, அதை எந்த வெப்பமானியில் படிப்பது? அதே கரைசலின் 3 மி.மீ. பாதரசம் நீர்மட்டமாக 4 செ.மீ. ஏறும். ஸ்கேலே போதும்.

கேட்டவர்:
49,900 வந்துவிட்டது, நன்றி சார். 0.9 சதவீத உப்புக் கரைசலுக்கு ஐசோடானிக்கான (அதே சவ்வூடு பரவல் அழுத்தம் உள்ள) குளுக்கோஸ் எத்தனை சதவீதம்? எனக்கு 2.8 வருகிறது.

பதில் 1:
சரியாகப் பாதி. வாண்ட் ஹாஃப் காரணி (ஒரு மூலக்கூறு கரைசலில் எத்தனை துகளாகிறது என்ற எண்) விட்டுப்போயிருக்கிறது. லிட்டருக்கு 9 கிராம், 58.5-ஆல் வகுத்தால் 0.154 மோலார். சோடியம், குளோரைடு என்று இரண்டு அயனி, ஆகவே 0.308. குளுக்கோஸ் பிரியாது, காரணி 1. 0.308 × 180 = 55.4 கிராம், அதாவது 5.5 சதவீதம். இரு பக்கமும் ஒரே வெப்பநிலை, அது அடிபட்டுப்போகும்.

கால்சியம் குளோரைடுக்கு 3. பென்சீனில் அசிட்டிக் அமிலம் இரண்டிரண்டாகச் சேர்வதால் 0.5-ஐ நெருங்கும், அங்கே 1-க்கு மேல் போட்டால் மார்க் போச்சு.

பதில் 2:
ஆஸ்பத்திரி டிரிப்பில் குளுக்கோஸ் 5 சதவீதம்தானே என்று குழம்ப வேண்டாம். அயனிகள் ஒன்றையொன்று இழுப்பதால் உப்பின் உண்மையான காரணி 1.86 அளவில்தான் நிற்கும். அதைப் போட்டால் 5.2 வரும். பரீட்சையில் பிரிகை வீதம் (எவ்வளவு பங்கு அயனிகளாகப் பிரிகிறது என்பது) கொடுக்காத வரை 2-ஏ போடுங்கள்.