'ரெசிடுவல் குளோரின்': தமிழில் என்ன சொல்லலாம்? வெள்ளிக்குள் வேண்டும்

பொருநை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம்.

வடசென்னையில் ஒரு தன்னார்வக் குழுவுக்காகக் குடிநீர் பற்றிய சிறு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். தெருவுக்கு இரண்டு பெண்களிடம் சோதனைப் பெட்டி கொடுத்து, வீட்டுக் குழாய்த் தண்ணீரில் குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எழுதச் சொல்லப் போகிறார்கள். கையேடு அவர்களுக்குத்தான்.

கலங்கல், கிருமிநீக்கம், கரைந்த உப்புகள் எல்லாவற்றுக்கும் சொல் கிடைத்துவிட்டது. 'ரெசிடுவல் குளோரின்' மட்டும் நிற்கிறது. பழைய கையேடு ஒன்றில் 'எச்சக் குளோரின்' என்று போட்டிருந்தார்கள். நான்காம் பக்கத்தில் "மேல்நிலைத் தொட்டியை மூடி வையுங்கள், பறவை எச்சம் விழும்" என்று எழுதியிருக்கிறேன். ஐந்தாம் பக்கத்தில் "தண்ணீரில் எச்சக் குளோரின் இருக்க வேண்டும்" என்றால் படிக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். வேறு என்ன சொல்லலாம்?

செங்குன்றத்தான் எழுதியது:

அம்மா, வணக்கம். பணி ஓய்வு வரை நீர்ச் சோதனைக் கூடத்தில் இருந்தவன் என்பதால் முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பொருள் பிடிபட்டால் சொல் தானாக வரும்.

தண்ணீரில் போடுகிற குளோரின் முழுவதும் அப்படியே இருப்பதில்லை. இரும்பு, அம்மோனியா, மக்கிய இலைதழைச் சத்து, கிருமிகள் என்று எல்லாம் சேர்ந்து ஒரு பங்கைத் தின்றுவிடும். அரை மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது தின்றது போக இருப்பதுதான் ரெசிடுவல். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் 10500-இன்படி, குளோரின் கலந்த நீரில் நுகர்வோர் குழாயில் கட்டற்ற குளோரின் (எதோடும் சேராமல் தனியாக இருப்பது) லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். வைரஸ் தொற்றுக்கு எதிராகப் பாதுகாப்பு தேவைப்படும்போது 0.5.

இது தற்செயலாகத் தங்கிவிட்ட கழிவு அல்ல என்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றே விட்டுவைப்பது. நம் ஊரில் குழாயில் இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. விநியோகம் நின்றதும் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். பக்கத்தில் சாக்கடைக் குழாய் கசிந்துகொண்டிருந்தால், இணைப்புகளில் இருக்கிற ஓட்டை வழியாக அந்த நீர் உள்ளே புகும். தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிற வீடு இருந்தால் இன்னும் மோசம். அப்படிப் புகுகிறதை எதிர்க்கத்தான் இந்தக் குளோரின் அங்கே இருக்கிறது. அதைவிட முக்கியம், நேற்றுவரை 0.3 காட்டிய தெருவில் இன்று பூச்சியம் என்றால், வழியில் ஏதோ உள்ளே வந்து அதைத் தின்றிருக்கலாம் என்று பொருள். கிருமிச் சோதனை முடிவு வர ஒரு நாளாவது ஆகும். குளோரின் சோதனை நின்ற இடத்திலேயே சொல்லிவிடும்.

தொட்டி ஆபரேட்டர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்: "கடைசிக் குழாயில மருந்து எவ்வளவு நிக்குது?" அதனால் 'நிற்கும் குளோரின்' என்று சொல்லலாமே.

வேர்காண் எழுதியது:

> பறவை எச்சம் விழும்

பொருநை அம்மையாருக்கு: ஒரு சொல்லின் தாழ்ந்த பொருளைக் கண்டு அஞ்சி அதன் உயர்ந்த பொருளை விட்டுக்கொடுக்கக் கூடாது. "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்" என்றார் வள்ளுவர். அங்கே எச்சம் என்பது ஒருவர் விட்டுச் செல்வது. நீர் தக்கதா தகாததா என்பதும் அதன் எச்சத்தால்தானே காணப்படுகிறது! இதைவிடப் பொருத்தமாக ஒரு மேற்கோள் கிடைக்குமா?

வேரைப் பாருங்கள். அஞ்சு, அச்சம். எஞ்சு, எச்சம். மிஞ்சு, மிச்சம். மெல்லினம் வலித்துப் பெயராகும் ஒரே அச்சு. துஞ்சு என்பதிலிருந்து துச்சில் வந்தது என்றும் கருதுகிறேன். உயிர் உடம்பில் ஒதுங்கியிருக்கும் இடத்தைக் குறள் துச்சில் என்கிறது. குளோரினும் நீருக்குள் ஒதுங்கியிருப்பதுதான்; ஆகவே 'துச்சில் குளோரின்' என்பதையும் ஆராயலாம். எச்சில் என்பதும் எஞ்சு என்பதன் வழியாகவே வந்திருக்க வேண்டும்.

அப்புறம், குளோரின் என்பதையே ஏன் விட்டுவைக்கிறோம்? 1810-இல் டேவி அதற்குப் பெயர் வைத்தபோது கிரேக்கத்தில் வெளிர்பச்சையைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் எடுத்தார். நாம் 'பைவளி' என்று சொன்னால் என்ன?

கீழத்தஞ்சை எழுதியது:

வேர்காண் ஐயா, குறள் அருமை. ஆனால் சோதனைப் பெட்டியைக் கையில் வைத்திருக்கிற பெண்ணுக்குக் 'குளோரின்' நன்றாகத் தெரியும். தண்ணீர் வராத வீட்டில்கூடக் குளோரின் மாத்திரை தெரியும். 'பைவளி' என்றால் அவர் என்ன செய்வார்? "எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே" என்று வடசொல்லுக்கே இடம் கொடுத்தவர் தொல்காப்பியர். அந்த நூற்பா இருப்பதும் எச்சவியலில்தான்! குளோரின் நம் எழுத்தில் உறுத்தாமல் உட்கார்ந்துவிட்டது. அதை விட்டுவிடுவோம்.

என் முன்மொழிவு வேறு. எங்கள் பக்கத்தில் வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் "கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா?" என்றுதான் கேட்போம். தலைமடையில் எவ்வளவு விட்டார்கள் என்பது பெரிதல்ல. இங்கேயும் அதே கேள்விதான். 'கடைமடைக் குளோரின்' என்று சொல்லிப் பாருங்கள். எங்கே பார்க்க வேண்டும் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது.

'நிற்கும் குளோரின்' வேண்டாம். தண்ணீர் பற்றிய கையேட்டில் 'நிற்கும்' என்றால் தேங்கி நிற்பதுதான் நினைவுக்கு வரும், கொசுவோடு சேர்த்து.

செங்குன்றத்தான் எழுதியது:

கடைமடை என்பது அழகான சொல். ஆனால் அது இடத்தைத்தான் சொல்கிறது. ரெசிடுவலைக் கடைசிக் குழாயில் மட்டும் பார்ப்பதில்லை. சுத்திகரிப்பு நிலையத்தை விட்டு வெளியேறும்போது பார்ப்போம், நீரேற்று நிலையத்தில் பார்ப்போம், மேல்நிலைத் தொட்டியில் பார்ப்போம். அங்கெல்லாம் அதே பொருளுக்கு அதே பெயர் வேண்டும். கடைசிக் குழாயில் பார்ப்பதை மட்டும் 'கடைமடை அளவு' என்று தனியாகச் சொல்லலாம். அதற்கு என் முழு ஆதரவு.

இன்னொரு சிக்கல். ரெசிடுவலில் இரண்டு வகை உண்டு. தனியாக இருப்பது ஒன்று. அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமினாக இருப்பது இன்னொன்று. அதற்கு வீரியம் மிகக் குறைவு. குளோரின் அளவு பார்க்கிற பழைய குளோரோஸ்கோப் பெட்டியில் ஆர்த்தோடோலிடின் என்ற சோதனை மருந்தை விட்டதும் உடனே வரும் மஞ்சள் தனிக் குளோரின். நேரம் கடத்தினால் சேர்ந்த குளோரினும் மஞ்சளாகி அளவு கூடிக் காட்டும். இப்போது அந்த மருந்தின் நச்சுத்தன்மை கருதி, இளஞ்சிவப்பு தரும் டிபிடி என்ற சோதனை மருந்துக்கு மாறுகிறார்கள். எந்தச் சொல்லை எடுத்தாலும் முன்னால் 'தனி', 'சேர்ந்த', 'மொத்த' என்று ஒட்ட வேண்டியிருக்கும். 'தனி எச்சக் குளோரின்', 'சேர்ந்த எச்சக் குளோரின்' என்று சொல்லிப் பார்த்தேன். நாக்கில் நிற்கவில்லை.

நல்லூரான் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். எங்கட பாடநூல்களில் இது குளோரீன். ஐதரசன், ஒட்சிசன் மாதிரி. அதை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை, இரண்டு கரையும் படிக்கிற கையேடு என்றால் நினைவில் வையுங்கோ.

இங்க பெரும்பாலும் கிணறுதான். சுண்ணாம்புக்கல் நிலம் என்றபடியால் மலசலகூடக் குழியில் இருந்து நைத்திரேற்றும் (உங்கட நைட்ரேட்) கிருமியும் கிணற்றுக்குக் கெதியாய் வந்து சேரும். வெள்ளம் வந்து போனால் கிணறு இறைத்துக் குளோரீன் போடுவம். மறுநாள் "மீதி இருக்கோ?" என்றுதான் பார்ப்பம். அதனால் 'மீதிக் குளோரீன்' என்று எளிமையாய்ச் சொல்லலாம். நைத்திரேற்றுக்குக் குளோரீன் ஒன்றும் செய்யாது, அதையும் கையேட்டில் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

வேர்காண் எழுதியது:

> நாக்கில் நிற்கவில்லை

பழகினால் நிற்கும். இருந்தாலும் நண்பர்கள் எச்சத்தை ஏற்கவில்லை என்றால் 'எஞ்சு குளோரின்' என்று வினைத்தொகையாக வைத்துக்கொள்வோம். "காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை" என்பது நன்னூல். நேற்று எஞ்சியது, இன்று எஞ்சுகின்றது, குழாய் முனை வரை எஞ்சும்: மூன்று காலமும் அதில் அடக்கம். 'எஞ்சிய குளோரின்' என்றால் இறந்தகாலம் மட்டும் வந்து, கதை முடிந்துவிட்டது போல் ஆகிவிடும்.

துச்சிலை நான் இன்னும் கைவிடவில்லை.

சங்க இலக்கியத்தையும் மறக்க வேண்டாம். கலங்கிய நீரை இல்லத்துக் காழ் கொண்டு தேற்றுவது கலித்தொகையில் வருகிறது. இல்லம் என்பது தேற்றா மரம், காழ் என்பது அதன் விதை. நீர்த்தூய்மைக்கு நம்மிடம் 'தேற்றுதல்' என்ற கலைச்சொல் அப்போதே இருந்தது. 'தேற்றெச்சம்' என்றே சொல்லலாம்.

செங்குன்றத்தான் எழுதியது:

ஐயா, இங்கே நான் உறுதியாக மறுக்க வேண்டியிருக்கிறது. தேற்றாங்கொட்டை செய்வது படிகாரம் செய்கிற வேலை. கலங்கலைத் திரட்டிக் கீழே இறக்கும். கலங்கலோடு ஒட்டிக்கொண்டு கிருமியில் ஒரு பங்கும் போகும், அவ்வளவுதான். தெளிந்த நீர் கிருமி இல்லாத நீர் ஆகாது. வாந்திபேதி பரவும் தெருவிலும் குழாய்த் தண்ணீர் கண்ணுக்குப் பளிங்காக இருக்கலாம். கையேட்டில் அந்தச் சொல்லைப் போட்டால், தெளிவாக இருந்தால் போதும் என்ற தப்பெண்ணத்துக்கு நாமே வழி செய்தவர்கள் ஆவோம். 'தேற்றுதல்' கலங்கல் நீக்கத்துக்கு மிக நல்ல சொல். அங்கே வைத்துக்கொள்வோம்.

மருந்து வாடை அடிக்கிறது என்று தண்ணீரைக் கீழே கொட்டுகிறவர்கள் பலர். இலேசான வாடை இருப்பது நல்ல செய்தி என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆர்ஓ எந்திரத்தில் சவ்வு கெடாமல் இருக்கக் கரி வடிப்பானிலேயே குளோரினை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு சேமித்து வைக்கிற தண்ணீருக்குக் காவலே கிடையாது. அழுக்குக் குவளையை விட்டால் அதோடு சரி.

கீழத்தஞ்சை எழுதியது:

> தண்ணீருக்குக் காவலே கிடையாது

ஐயா, சொல்லை நீங்களே சொல்லிவிட்டீர்கள். 'காவல் குளோரின்'! தின்றது போக எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எதற்காக இருக்கிறது என்பதுதான் அந்தப் பெண்களுக்குத் தெரிய வேண்டும். "எங்கள் தெருவில் காவல் குளோரின் இல்லை" என்று அவர்கள் அலுவலகத்தில் போய்ச் சொன்னால் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

பொருநை எழுதியது:

எனக்கும் 'காவல்' பிடித்தது. மூன்று பெண்களிடம் தொலைபேசியில் கேட்டேன். 'காவல் குளோரின்' என்றதும் ஒருவர், "அது இருந்தா காய்ச்ச வேண்டாமா?" என்று கேட்டார். அதனால் பயந்துவிட்டேன். 'எஞ்சு குளோரின்' என்றதை அவர்கள் 'இஞ்சி' என்று கேட்டார்கள், இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. 'மிச்சக் குளோரின்' யாருக்கும் விளக்கமே தேவைப்படவில்லை. "போட்டதுல மிச்சம், அதானே" என்றார்கள்.

செங்குன்றத்தான் எழுதியது:

அந்த அம்மா கேட்டது சரியான கேள்வி. 0.2 இருந்தாலும் ஈயம், ஆர்செனிக், புளோரைடு, நைட்ரேட் எதற்கும் குளோரின் காவல் இல்லை. காய்ச்சினாலும் அவை போகாது. கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளைக் குடிநீரில் போடுகிற குளோரின் அசைக்காது. 'காவல்' என்று பெயர் வைத்தால் சொல் தாங்க முடியாத வாக்குறுதியைக் கொடுக்கிறது. 'மிச்சம்' அப்படி எதுவும் சொல்வதில்லை. நான் மிச்சத்துக்கு.

வேர்காண் எழுதியது:

கடும் மறுப்பைப் பதிவு செய்கிறேன். மிச்சம் மிஞ்சு என்பதன் வழி வந்தது. மிகு, மிஞ்சு, மிச்சம்: எல்லாவற்றிலும் மிகை இருக்கிறது. தேவைக்கு மேல் கொட்டிவிட்டார்கள் என்ற எண்ணத்தை அது விதைக்கும். ஏற்கெனவே "குளோரின் போட்டால் புற்றுநோய்" என்று பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு இந்தச் சொல் துணை போகும். எச்சத்தில் குறைதலும் உண்டு, இருத்தலும் உண்டு. இங்கே தேவை அதுதான்.

செங்குன்றத்தான் எழுதியது:

புற்றுநோய்ப் பேச்சு முழுப் பொய் அல்ல என்பதால் பதில் சொல்கிறேன். நீரில் கரிமச் சத்து அதிகமிருந்தால் குளோரின் அதோடு வினைபுரிந்து டிரைஹாலோமீத்தேன்கள் என்ற வேதிப்பொருள்கள் உண்டாகும். 1970களிலேயே கண்டறிந்ததுதான். 10500-இல் அவற்றில் ஒன்றான குளோரோபார்முக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்ற வரம்பும் இருக்கிறது. அதற்கு வழி, குளோரின் போடும் முன்பே கரிமச் சத்தை நன்றாக எடுத்துவிடுவது. அந்தப் பயத்தில் கிருமிநீக்கத்தைக் குறைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்கிறது. காலராவும் டைபாய்டும் காத்திருந்து வருகிற ஆபத்து அல்ல. சொல்லாராய்ச்சியைப் பொறுத்தவரை, மிச்சம் பிடித்துக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது நல்ல சொல்லாகத்தான் தெரியும்.

மட்டுறுத்துநர் எழுதியது:

நாளை வெள்ளி. இதுவரை மடலிலும் தனிமடலிலும் கருத்துச் சொன்னவர்களில் மிச்சக் குளோரினுக்கு ஏழு பேர், எஞ்சு குளோரினுக்கு நான்கு பேர், காவல் குளோரினுக்கு இருவர், மீதிக்கு ஒருவர். துச்சிலுக்கு முன்மொழிந்தவரைத் தவிர யாரும் இல்லை. குழுமத்தின் முடிவு என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். இழை திறந்தே இருக்கும்.

பொருநை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கையேட்டில் 'மிச்சக் குளோரின்' என்று போட்டுவிட்டேன். முதல் முறை வரும் இடத்தில், "தண்ணீரில் போட்டதில் கிருமியும் அழுக்கும் தின்றது போகக் குழாய் வரை வந்து சேர்கிற குளோரின், இது பூச்சியமாக இருந்தால் உடனே தகவல் சொல்லுங்கள்" என்று ஒரு விளக்கம். கடைசி வீட்டுக் குழாயில் பார்ப்பதற்குக் 'கடைமடை அளவு'. நைட்ரேட், ஈயம் பற்றிய எச்சரிக்கையையும் சேர்த்திருக்கிறேன்.

வேர்காண் எழுதியது:

அச்சுக்குப் போனது போகட்டும். கலைச்சொல் தொகுப்பில் நான் 'எஞ்சு குளோரின்' என்றுதான் ஏற்றப் போகிறேன், மிச்சத்தை இணைச்சொல்லாகக் கீழே தருகிறேன். இரண்டாம் பதிப்பு வரும்போது இந்த விவாதத்தை மீண்டும் எடுக்க வேண்டும்.

நல்லூரான் எழுதியது:

எங்கட கிணற்றுத் துண்டுப்பிரசுரத்தில் 'மீதிக் குளோரீன்' என்றே விடுகிறன். ஊரில் அப்படித்தான் கேட்கினம். செங்குன்றத்தான் ஐயா, அந்த டிரைஹாலோமீத்தேன் வகைக்கு மொத்தமாய் ஒரு பெயர் எங்களுக்கும் தேவைப்படுது. 'கிருமிநீக்கப் பக்கவிளைவு' என்றால் மருந்தின் பக்கவிளைவு போல் இருக்கு. 'துணைவிளைபொருள்' சரிவருமோ?