தீயணைப்புச் சான்று எந்தக் கட்டடத்துக்கு வேண்டும்? கீழக்கரை முதல் ராமேஸ்வரம் வரை நாங்கள் கண்டது

கீழக்கரை, மஹால் கட்டிக்கொண்டிருப்பவர்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். வாப்பா விட்டுப்போன மனையில் தம்பியும் நானும் கட்டடம் எழுப்பிக்கொண்டிருக்கிறோம். கீழே கடைகள், முதல் மாடியில் கல்யாண மஹால், அதற்கு மேலே மாப்பிள்ளை வீட்டார் தங்க அறைகள். வரைபடம் போட்ட இன்ஜினியர், "அறுபது அடிக்குக் கீழதானே காக்கா, ஃபயர் என்ஓசி நமக்கு வராது" என்று, அதாவது தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று நமக்குத் தேவைப்படாது என்று சொல்லிவிட்டார். தம்பிக்கு மனசு ஒப்பவில்லை. நேரே தீயணைப்பு நிலையத்துக்குப் போய்விடுவோம் என்றான், போனோம்.

அந்த அலுவலர் உயரத்தைக் கேட்கவே இல்லை. "பந்தி எங்க? ஒரே நேரத்துல மாடியில எத்தனை பேர் இருப்பாங்க? விறகடுப்பு எங்க மூட்டுவீங்க? கரண்ட் போனா ஜெனரேட்டர் எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே போனார். பிறகு வரைபடத்தில் படிக்கட்டின் மேல் விரலை வைத்து, "இது நாலடி. முன்னூறு பேர் செருப்பைத் தேடாம இறங்கணும்னா இதுல முடியுமா?" என்றார். பெண்கள் பகுதியிலிருந்து இறங்கத் தனி வழி இல்லை என்பதை அவர்தான் காட்டினார். திரை போட்டுப் பிரித்த இடத்தில் குழந்தைகளோடு இருக்கிற பெண்கள் ஆண்கள் பகுதி வழியாக ஓடி வரட்டும் என்று விட முடியாதே. தூண் மட்டும் எழும்பியிருந்ததால் இரண்டாவது படிக்கட்டுக்கு இடம் ஒதுக்க முடிந்தது.

நம் கடற்கரைப் பக்கம் இப்போது ஊருக்கு ஊர் மஹால், லாட்ஜ், ஸ்கேன் சென்டர் என்று எழும்புகிறது. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். கட்டி முடித்தவர்களைவிட கட்டப்போகிறவர்களுக்கு அது ரொம்ப உதவும்.

மண்டபம், தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்

தம்பிகள் இருவரும் செய்தது நல்ல காரியம். அந்த அலுவலர் கேட்ட கேள்விகளின் வரிசையே சட்டத்தின் வரிசை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அறுபது அடி என்று உங்கள் இன்ஜினியர் சொன்னது எங்கிருந்து வந்தது என்றால், 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதன்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். அதற்குத் திட்ட அனுமதி கொடுப்பதற்கே தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று தேவை. அது சரிதான். ஆனால் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் தப்பித்தது என்று எடுத்துக்கொள்வதுதான் கோளாறு. 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி முழுக்கத் தீப் பாதுகாப்புக்கானது. அது கட்டடங்களை உயரத்தால் பிரிப்பதற்கு முன்னால் பயன்பாட்டால் ஒன்பது வகையாகப் பிரிக்கிறது: குடியிருப்பு, கல்வி, மருத்துவமனை மாதிரியான நிறுவனங்கள், மக்கள் கூடும் இடம், அலுவலகம், கடை, தொழிற்சாலை, கிடங்கு, அபாயகரமான பொருள் வைக்கும் இடம். பள்ளியும் மருத்துவமனையும் 9 மீட்டர் உயரத்தை எட்டினாலே, அதாவது முப்பதடியை நெருங்கினாலே, தனிக் கவனத்துக்குரியவை. ஹோட்டல், கடை, கிடங்கு போன்றவற்றில் ஏதாவது ஒரு தளம் 500 சதுர மீட்டரைத் தாண்டினால் அதுவும் அப்படியே. மக்கள் கூடும் மண்டபத்துக்கோ அளவே கிடையாது. எல்லா மண்டபமும் உள்ளே வந்துவிடும். கீழே கடை, மேலே மஹால் என்று கலந்து கட்டினால் இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள், கீழ்க்கடையில் பிடித்தால் புகை மேலேதான் ஏறும்.

இதோடு 1985-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் இருக்கிறது, மக்கள் கூடும் கட்டடத்துக்குத் தாசில்தாரிடம் வாங்கும் 1965-ஆம் வருஷச் சட்டத்து உரிமம் இருக்கிறது. அந்த உரிமத்துக்குப் போகும்போதும் எங்கள் துறைச் சான்றைக் கேட்பார்கள். வாங்கிய சான்றுக்குக் காலாவதி உண்டு, புதுப்பிக்க வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை. கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருப்பார்கள், தேதியைப் பார்த்தால் என்றைக்கோ முடிந்திருக்கும்.

மண்டபத்துக்கு ஏன் இந்தக் கண்டிப்பு என்று கேட்பவர்களுக்கு நான் ஸ்ரீரங்கத்தைச் சொல்வேன். 2004 ஜனவரி 23, கல்யாண மண்டபத்தில் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அது வானுயரக் கட்டடம் இல்லை. இறங்க வழி இருந்திருந்தால் பாதிப் பேராவது பிழைத்திருப்பார்கள் என்று அன்று முதல் நான் நம்புகிறேன்.

அதனால்தான் கூடுமிடத்துப் படிக்கட்டுக்கு 2 மீட்டர் அகலம் கேட்கிறார்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். கூட்டம் நெருக்கினால் உள்பக்கம் திறக்கிற கதவை யாராலும் இழுக்க முடியாது. எங்கே நின்றாலும் வெளியேறும் வழி 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும். இழுத்து மூடும் ஷட்டரை அவசர வழி என்று காட்டினால் நான் கையெழுத்தே போட மாட்டேன். காலையில் திறந்து வைக்கிறோம் சார் என்பார்கள். சாவி யாரிடம் என்று கேட்டால் பதில் வராது.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும், அது தண்ணீர். கோடையில் லாரித் தண்ணீரை விலை கொடுத்து வாங்கும் ஊர்கள் நம்முடையவை. தீக்காக நிரப்பி வைத்த தொட்டியில் பந்தி முடிந்ததும் பாத்திரம் கழுவிவிடுவார்கள். சோதனைக்குப் போனால் தொட்டி காய்ந்து கிடக்கும். இதற்கு வழி கட்டும்போதே இருக்கிறது. புழங்குகிற குழாயின் வாயைத் தொட்டியில் உயரத்தில் வையுங்கள், தீயணைப்புக் குழாயின் வாயை அடியில் வையுங்கள். மேல்தண்ணீர் தீர்ந்தாலும் அடித்தண்ணீர் நிற்கும். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை, காவல் போட வேண்டியதில்லை.

தொண்டி, பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்

பள்ளிக்கு இந்தச் சந்தேகமே எழாது. கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் தடையின்மைச் சான்று, இந்த நான்கும் இல்லாமல் அங்கீகாரம் புதுப்பிக்க முடியாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் எரிந்த பிறகு கூரை வேய்ந்த வகுப்பறையே மாநிலத்தில் இருக்கக் கூடாது என்றானது. சத்துணவு அடுப்பின் நெருப்பு கீற்றுக்கு ஏறியதுதான் அங்கே தொடக்கம். ஆடிக்காற்றில் நம் பக்கம் பனையோலை எப்படிப் பறக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் பள்ளிக்கு வந்தவர் வகுப்பறை ஜன்னல் கம்பிகளையும் மாடிப்படியின் அடியில் அடுக்கியிருந்த பழைய பெஞ்சுகளையும் பார்த்துவிட்டுத்தான் தீயணைப்பானைப் பார்த்தார். பெஞ்சுகளை அன்றே அப்புறப்படுத்தினோம். படிக்கட்டின் அடி காலியாக இருக்க வேண்டும் என்பதைப் பெற்றோர்களும் கேட்க வேண்டும். சேர்க்கைக்கு வரும்போது ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள், மாடிப்படியை யாரும் பார்ப்பதில்லை.

ஏர்வாடி

இந்த ஊரில் பிறந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை இங்கே ஒரு காப்பகத்துக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். மனநலம் சரியில்லை என்று தர்காவுக்குக் கூட்டி வரப்பட்டவர்கள். காலில் சங்கிலி போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, இந்த மாதிரிக் காப்பகங்கள் மூடப்பட்டன. ஸ்ரீரங்கத்துக்கும் கும்பகோணத்துக்கும் மூன்று வருஷம் முந்தியது இது. ஏனோ இந்தப் பேச்சு வரும்போது எங்கள் ஊரைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அது ஒரு கொட்டகை. மாடி இல்லை, லிஃப்ட் இல்லை. உயரத்தை மட்டும் பார்க்கும் எந்த விதியும் அந்த 28 பேரைக் கண்டிருக்காது. ஆகவே என் கருத்து: யாரால் தானாக எழுந்து வெளியே வர முடியாதோ அவர்கள் தங்கும் இடத்துக்குத்தான் முதல் சான்று வேண்டும். முதியோர் இல்லம், மனநலக் காப்பகம், குழந்தைகள் விடுதி, படுக்கை உள்ள ஆஸ்பத்திரி. அறுபது அடிக் கட்டடம் அப்புறம்.

எங்கள் அத்தாவை ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மூன்றாம் மாடியில் படுக்கை கொடுத்தார்கள். சாய்தளம் எங்கே என்று கேட்டேன். லிஃப்ட் இருக்கிறதே என்றார்கள். தீப்பிடித்தால் லிஃப்டைத் தொடக்கூடாதே, அப்போது படுக்கையை எப்படி இறக்குவீர்கள் என்றேன். நர்ஸ் பெண்ணுக்குப் பதில் தெரியவில்லை, அவளைக் குறை சொல்லவில்லை. மேலாளரை வரச் சொல்லி, கீழ்த்தளத்துக்கு மாற்றித் தரும்வரை நின்றேன். 2024 டிசம்பரில் திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீயில் ஆறு பேர் இறந்த செய்தி வந்தபோது, கேட்டது வீணில்லை என்று அத்தாவே சொன்னார்.

ராமேஸ்வரம், தங்கும் விடுதியில் வேலை

அக்கா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை.

எங்கள் விடுதியில் சான்று இருக்கிறது, புதுப்பித்தும் வருகிறோம். ஆனாலும் அமாவாசைக்கு முந்தின ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. வடக்கே இருந்து குடும்பமாக வருகிறவர்கள் சின்ன சிலிண்டரும் அடுப்பும் மாவும் கொண்டு வருவார்கள். கடைச் சாப்பாடு அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது, விரதம் வேறு. 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையத்தில் நின்ற சுற்றுலாப் பெட்டிக்குள் சிலிண்டர் வெடித்து ஒன்பது யாத்ரிகர்கள் இறந்ததிலிருந்து எங்கள் முதலாளி பின்கட்டில் தகரம் போட்ட சமையல் இடம் ஒன்று ஒதுக்கிவிட்டார். "அறைக்குள்ள வேண்டாம், இங்க சமைச்சுக்கோங்க" என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கதவைச் சாத்திக்கொண்டு சமைப்பார்கள்.

இன்னொன்று உப்புக்காற்று. தீயணைப்பானின் மேல் சிவப்புப் பெயிண்ட் பளபளவென்று இருக்கும், பிடிக்குக் கீழே உள்ள பூட்டு ஊசி (பின்) துருவேறி அசையாது. அக்னி தீர்த்தப் பக்கம் இருக்கிற கட்டடங்களில் இது சீக்கிரம் வரும். மாதம் ஒருமுறை அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா, ஊசி அசைகிறதா, குழாயில் வெடிப்பு உண்டா என்று கையால் தொட்டுப் பார்க்கிறோம். மொட்டை மாடிக் கதவுக்கு வெளிப்பூட்டு போடுவதையும் நிறுத்திவிட்டோம். புகை படிக்கட்டில் நிறைந்தால் மேலே போகிறவனுக்கு அந்தக் கதவுதான் வழி.

உச்சிப்புளி

அண்ணே, நான் கட்டடமே கட்டவில்லை. தீபாவளிக்குப் பத்து நாள் ரோட்டோரம் பட்டாசுக் கடை போட வேண்டும். தகரக் கொட்டகைதான். இதற்கும் தீயணைப்புச் சான்று உண்டா? போன வருஷம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எதுவும் இல்லாமல் போட்டார்.

மண்டபம், தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்

உண்டு தம்பி. அவர் போட்டார் என்று நீங்கள் போடாதீர்கள். தற்காலிகப் பட்டாசுக் கடைக்கு 2008 வெடிபொருள் விதிகள்படி உரிமம் வேண்டும். விண்ணப்பம் கொடுத்தால் போலீஸ், வருவாய், தீயணைப்பு மூன்று தரப்பும் இடத்தைப் பார்ப்பார்கள். தகரம் சரி, கீற்றோ துணியோ கூடாது. கடைக்கும் கடைக்கும் 3 மீட்டர் இடைவெளி, வீடு பள்ளி போன்றவற்றிலிருந்து 50 மீட்டர். இரண்டு கடைகள் எதிரெதிரே பார்த்து இருக்கக் கூடாது. எண்ணெய் விளக்கு, காஸ் விளக்கு கூடாது, மின்விளக்கானாலும் ஒயர் தொங்கக் கூடாது. ஐம்பது மீட்டருக்குள் வெடித்துக் காட்டவும் கூடாது. சாம்பிள் கேட்கும் வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

உச்சிப்புளியில் நெடுஞ்சாலை ஓரம் பனைமரக் காடு ஒட்டிய இடம் என்றால் கடையைச் சுற்றிப் பத்து பன்னிரண்டு மீட்டர் தூரத்துக்குக் காய்ந்த ஓலையைக் கூட்டித் தள்ளிவிட்டு விண்ணப்பம் போடுங்கள். தீபாவளி நெருக்கத்தில் போனால் கூட்டம் நிற்கும், முன்கூட்டியே போங்கள். மணல் வாளியும் தண்ணீர் பீப்பாயும் கடைக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்தால் தீப்பிடித்த பிறகு எடுக்க முடியாது.