ரமழானின் கடைசிப் பத்து இரவுகள்: தறி வேலையோடு எப்படிச் சமாளிப்பது?

தறிச்சத்தம் (மருதமுனை)

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கட பக்கம் பெருநாள் ஓடர் எல்லாம் இருபதாம் நோன்புக்குப் பிறகுதான் குவியும். சாரனும் சாரியும் முடிச்சுக் கொடுக்க இரவு பத்தரை ஆகிடும். அதனால லைலத்துல் கத்ர் எண்ட மகத்துவமான இரவைத் தேடி இருபத்தேழாம் இரவை மட்டும் ஹயாத்தாக்கிப் (முழிச்சிருந்து வணங்கி) போட்டு மற்றதை விட்டுடுற ஆக்கள்தான் கூட. கேக்க இருக்கிறது இதுகள்தான். இருபத்தேழாம் இரவு எண்டா 27ஆவது நோன்பு திறந்த பிறகு வாற இரவா, முந்தின இரவா? தராவீஹோட (ரமழான் இரவுத் தொழுகை) வித்ரும் (இரவுத் தொழுகையை ஒற்றையா முடிக்கிறது) தொழுதிட்டா பிறகு எழும்பித் தொழலாமா? களா (விட்டுப்போன தொழுகை) நிறைய இருக்கிறவர் எதை முந்த வைக்கணும்? தொழுகை இல்லாத நாள்ல இருக்கிற பெண்கள் என்ன செய்யிற? ஓதினவங்க யாரும் இருந்தா சுறுக்கா விளங்குற மாதிரிச் சொல்லுங்க.

ஓதுபள்ளித் திண்ணை (காத்தான்குடி)

வஅலைக்குமுஸ்ஸலாம். முதல் கேள்வியில்தான் வருசா வருசம் ஆட்கள் பிழைக்கிறார்கள். நம் கணக்கில் இரவு முந்தும், பகல் பிந்தும். 26ஆவது நோன்பைத் திறக்கும் மஃரிபோடு (அந்தித் தொழுகை நேரம்) 27ஆம் இரவு தொடங்கி ஸுப்ஹோடு (விடியல் தொழுகை நேரம்) முடிகிறது. 20ஆவது நோன்பு திறக்கும்போதே 21ஆம் இரவு வந்துவிடும். 21ஆவது நோன்பைப் பிடித்துவிட்டு அன்று பின்னேரம் ஆயத்தமாகிறவருக்கு முதல் ஒற்றை இரவு கையை விட்டுப் போயிற்று.

27ஐ மட்டும் பிடித்துக்கொள்வதும் நமக்குச் சரிவராது. ஆயிஷா நாயகி அறிவிக்கும் புகாரி ஹதீஸ் (நபிமொழி) லைலத்துல் கத்ரைக் கடைசிப் பத்தின் ஒற்றை இரவுகளில் தேடச் சொல்கிறது. நாம் பின்பற்றும் ஷாபிஈ இமாமின் சாய்வே 21, 23 பக்கம்தான். இது பலருக்குத் தெரியாது. இன்னொன்று, கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் பிறை அறிவிப்போடு நிற்பவருக்கும் உலகில் எங்கு பிறை கண்டாலும் ஏற்கும் சர்வதேசப் பிறைக்காரருக்கும் ஒருநாள் வித்தியாசம் வந்தால், ஒருவருடைய ஒற்றை மற்றவருக்கு இரட்டை. பிறைச் சண்டையை விட்டுப்போட்டுப் பத்து இரவிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்தால் கணக்கே தேவையில்லை. லைலத்துல் கத்ர் ஆயிரம் மாதத்தை விடச் சிறந்தது, ஆயிரம் மாதம் என்பது 83 வருசமும் 4 மாதமும்.

வேலை உள்ளவர் முதலில் காப்பாற்ற வேண்டியது இஷாவையும் (இரவுக் கடமைத் தொழுகை) ஸுப்ஹையும் ஜமாஅத்தோடு (கூட்டாக) தொழுவதை. இஷாவை ஜமாஅத்தில் தொழுதவர் பாதி இரவு நின்றவர் போலவும், ஸுப்ஹையும் அப்படித் தொழுதவர் முழு இரவும் நின்றவர் போலவும் ஆவார் என்று முஸ்லிம் என்ற ஹதீஸ் கிரந்தத்தில் உஸ்மான் நாயகம் அறிவித்தது உண்டு. விடிய விடிய முழித்திருந்து ஸஹர் சாப்பிட்டதும் சரிந்து ஸுப்ஹை விடுவது, மூலதனத்தை விற்று லாபம் தேடுகிற வேலை. தறிக்கூடத்தை விட்டு வரவே முடியாதென்றால் இரண்டு பேர் சேர்ந்தாலே ஜமாஅத். தராவீஹுக்கும் ஸுப்ஹு வரை நேரம் இருக்கிறது.

பின்னிரவு எப்போது தொடங்கும் என்று கடிகாரத்தில் பாருங்கள். மஃரிப் 6.15, ஸுப்ஹு 4.55 என்றால் இரவு 640 நிமிடம். மூன்றில் ஒன்று ஏறத்தாழ 213 நிமிடம், அதாவது மூன்றரை மணித்தியாலம். ஸுப்ஹிலிருந்து பின்னால் எண்ணினால் 1.22க்குக் கடைசி மூன்றிலொன்று பிறக்கும். பத்தரைக்குத் தறியை நிறுத்தி, பதினொன்றுக்குப் படுத்து, ஒன்றரைக்கு எழும்பினால் போதும். நோன்பு திறக்கும்போது கஞ்சிக்கு மேல் நாலு சமோசாவும் ரோல்ஸும் அடுக்கினால் தராவீஹிலேயே கண் சொக்கும், ஒன்றரைக்கு அலாரம் வீட்டாரைத்தான் எழுப்பும்.

வித்ரு: இமாமோடு தொழுதது தொழுததுதான். எழும்பி இரண்டிரண்டாகத் தொழலாம், வித்ரை மட்டும் திரும்பத் தொழ வேண்டாம். ஓர் இரவில் இரண்டு வித்ரு இல்லை என்பது ஹதீஸ். தூங்கி எழும்பித் தொழுதால் அதற்குத் தஹஜ்ஜுத் என்று பெயர். தூங்காமல் தொழுதால் கியாமுல்லைல்.

களா: காரணமில்லாமல் விட்ட பர்ளு (கடமைத் தொழுகை) உள்ளவர் ஸுன்னத்தைவிட (உபரித் தொழுகை) அதையே முந்த வைக்க வேண்டும். நம் மத்ஹபுக் (சட்டப் பிரிவு) கிரந்தங்கள் இதில் கடுமை. ஒரு நாள் களா 17 றக்அத் (தொழுகையின் ஒரு சுற்று). பத்து இரவில் பத்து நாள் குறையும். ரமழானின் கடைசி ஜும்ஆவில் நாலு றக்அத் தொழுதால் ஆயுள் களா தீரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதற்கு அடிப்படை இல்லை. தொலைத்துவிடுங்கள்.

வட்டைவரம்பு (சம்மாந்துறை)

காத்தான்குடி ஹஸரத் (மார்க்கம் ஓதியவர்) சொன்னது தொழுகைப் பக்கம். மன்னிப்புப் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பாவத்தை விடுவது, வருந்துவது, இனிச் செய்யேன் என்று உறுதி கொள்வது, இந்த மூன்றும் அல்லாஹ்வோடு உள்ள பாவத்துக்கு. அடியானுடைய ஹக்கு (பிற மனிதரின் உரிமை) என்றால் நாலாவதாக ஒன்று வரும்: உரியவரிடம் ஒப்படைப்பது, அல்லது அவர் வாயால் ஹலால் (மன்னிப்பு) வாங்குவது. வயலில் வரம்பை மண்வெட்டியால் போகத்துக்குப் போகம் நாலு விரல் செதுக்கித் தன் பக்கம் சேர்த்தவர், 27ஆம் இரவு சால்வை நனைய அழுதாலும் அந்த நாலு விரல் மண் அப்படியேதான் கிடக்கும். திருப்பி வைக்க வேண்டும். உரியவர் மௌத்தாகியிருந்தால் வாரிசுகளுக்கு. வாரிசையும் தேடிக் கிடைக்காவிட்டால் அவர் பேரில் ஸதகா (தர்மம்). புறம் பேசியது அவர் காதுக்குப் போகவில்லை என்றால் போய்ச் சொல்லிப் புதுச் சண்டை கிளப்பாமல் அவருக்காகப் பிழை பொறுக்கத் தேடலாம் என்பது பல அறிஞர்களின் கருத்து.

தறிக்காரருக்கும் சொல்கிறேன், நெசவுக் கூலி பாக்கி இருந்தால் 20ஆம் நோன்புக்கு முன்னாடியே தீர்த்துவிடுங்கள், பெருநாள் முதல்நாள் வரை இழுக்க வேண்டாம். லைலத்துல் கத்ர் எந்த இரவு என்று அறிவிக்க நபியவர்கள் வெளியே வந்தபோது இருவர் சச்சரவிட்டுக்கொண்டிருந்ததால் அந்த அறிவு உயர்த்தப்பட்டது என்று புகாரியில் உண்டு. மச்சானோடு பேச்சு இல்லாதவர்கள் இதைக் கவனிக்க.

மல்லிகைப்பந்தல் (ஏறாவூர்)

பெண்கள் விசயத்தை யாரும் தொடவில்லை, நான் எழுதுகிறேன். மாதவிடாய் நாள்களில் தொழுகை, குர்ஆன் ஓதுவது, முஸ்ஹபை (குர்ஆன் பிரதி) தொடுவது, பள்ளியில் தங்குவது இல்லை. திக்ர் (இறை நினைவு), ஸலவாத் (நபிக்கு வாழ்த்து), இஸ்திஃபார் (பாவமன்னிப்புத் தேடல்), துஆ (வேண்டுதல்), ஸதகா, பிறர் ஓதக் கேட்பது எல்லாம் உண்டு. ‘ரப்பனா ஆத்தினா’ போன்ற குர்ஆன் வசனங்களை ஓதலாக நினைக்காமல் துஆ என்ற நினைப்பில் சொல்லலாம். ஆயிஷா நாயகிக்கு நபியவர்கள் சொல்லிக் கொடுத்தது இது: ‘அல்லாஹும்ம இன்னக்க அஃபுவ்வுன் துஹிப்புல் அஃப்வ ஃபஃபு அன்னீ.’ யா அல்லாஹ், நீ மன்னிப்பவன், மன்னிப்பை விரும்புகிறவன், என்னை மன்னித்துவிடு. ஸஹருக்குச் சோறு வேகிற நேரத்துக்குள் நூறு தரம் நிதானமாகச் சொல்லி முடியும்.

அதிகம் பிழைக்கிற இடம் வேறு. ஸுப்ஹுக்குக் கொஞ்சம் முந்தி இரத்தம் நின்றால், ஷாபிஈ மத்ஹபில் அந்த இஷாவும் அதோடு மஃரிபும் கடமையாகும், ஒரு தக்பீர் சொல்லும் நேரமே மிஞ்சியிருந்தாலும். நோன்புக்கு விடியுமுன் நிய்யத் (மன எண்ணம்) வைத்தால் போதும், குளிப்பு ஸுப்ஹுக்குப் பிறகானாலும் நோன்பு கூடும்.

தறிச்சத்தம் (மருதமுனை)

ஜஸாக்கல்லாஹு ஹைரன். இன்னும் ரெண்டு. முழுப் பத்தும் இஃதிகாப் (பள்ளியில தங்கி வணங்குறது) இருக்க ஏலாது, ஒரு மணித்தியாலம் இருந்தா கூடுமா? தஸ்பீஹ் தொழுகையில எண்ணிக்கை தப்பினா?

ஓதுபள்ளித் திண்ணை (காத்தான்குடி)

கூடும். ஷாபிஈயில் இஃதிகாபுக்கு நோன்பும் நிபந்தனை இல்லை, நீண்ட நேரமும் நிபந்தனை இல்லை. பள்ளிக்குள் கால் வைக்கும்போது நிய்யத் வைக்க வேண்டும். திரும்பி வரும் எண்ணமில்லாமல் வெளியேறினால் மறுகா வரும்போது புது நிய்யத். பள்ளி வளவிலுள்ள மத்ரஸா அறை பள்ளியாக வக்பு (அர்ப்பணம்) செய்யப்படாவிட்டால் அங்கே இஃதிகாப் இல்லை, கட்டிலும் காத்தாடியும் அங்கேதான் இருந்தாலும்.

தஸ்பீஹ் தொழுகை நாலு றக்அத், ஒவ்வொன்றிலும் 75 தரம் தஸ்பீஹ் (இறை துதி): ஸூரா ஓதிய பின் 15, ருகூஃ (குனிதல்), இஃதிதால் (குனிந்து நிமிர்ந்து நிற்பது), முதல் ஸுஜூது (நெற்றியைத் தரையில் வைப்பது), இடை இருப்பு, இரண்டாம் ஸுஜூது, அதற்குப் பின்னுள்ள இருப்பு ஆகிய ஆறிலும் பத்துப் பத்து. தவறுவது பெரும்பாலும் கடைசி இருப்பில், பழக்கத்தில் நேரே எழும்பிவிடுவோம். ருகூஃவுடைய பத்து மறந்துவிட்டால் திரும்பிக் குனியக் கூடாது, இஃதிதாலிலும் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் அது சுருக்கமான நிலை. முதல் ஸுஜூதில் இருபதாகச் சொல்லுங்கள். அந்த ஹதீஸின் தரத்தில் அறிஞரிடையே பேச்சு உண்டு, அதனால் தொழாதவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். களா உள்ளவருக்கு மேலே சொன்ன 17 றக்அத்தான் முதலில்.