சர்வர் உரிமம் வாங்கியாயிற்று, கேல் வாங்கினீர்களா?

திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றுக்கு விண்டோஸ் சர்வர் 2022 ஸ்டாண்டர்ட் என்ற மைக்ரோசாஃப்ட் மென்பொருளை வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. விற்பனையாளர் தந்த விலைப்பட்டியலில் 16 கோர்களுக்கான (கோர் என்பது கணினிச் செயலிக்குள் இருக்கும் ஒரு கணக்கிடும் அலகு) சர்வர் உரிமம் மட்டுமே இருந்தது. அந்தப் பணம் சர்வரை நிறுவி ஓட்டுவதற்கு. அதை அணுகும் ஆட்களுக்கோ கணினிகளுக்கோ அணுகல் உரிமம், அதாவது கேல் (CAL), தனியாக வாங்க வேண்டும். கேட்டதற்கு, “அதை யாரும் வாங்குவதில்லை சார், சர்வர் பாட்டுக்கு ஓடும்” என்றார். ஓடத்தான் செய்யும். கேல் இல்லையென்று விண்டோஸ் சர்வர் எவரையும் தடுக்காது. கணக்கு வைக்க வேண்டியவர்கள் நாம்தான். மென்பொருள் உரிமத் தணிக்கை வரும் நாளில் அந்த விற்பனையாளர் பக்கத்தில் நிற்கப்போவதில்லை. சிறு முதலாளிகளிடம் இப்படிப் பேசி விற்பது எனக்குக் கடும் கோபத்தைத் தருகிறது.

அங்கே உற்பத்திப் பிரிவில் 30 கணினிகள். மூன்று ஷிஃப்டிலுமாக 90 பேர் அவற்றையே மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள். ஆளுக்கொன்று என்றால் 90 யூசர் கேல். கணினிக்கொன்று என்றால் 30 டிவைஸ் கேல் போதும். வாங்குவோரின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் கதை வேறு. லேப்டாப், கைபேசி, வீட்டுக் கணினி என்று ஒரே ஆள் பல வழிகளில் நுழைகிறார். அவர்களுக்கு யூசர் கேல்தான் லாபம். இரண்டையும் ஒரே நிறுவனத்தில் கலந்து வாங்கத் தடையில்லை.

இன்னொரு வாதமும் வந்தது: நிறுவனத்தின் கணக்கு, சரக்கு, உற்பத்தி எல்லாவற்றையும் கவனிக்கும் ஈஆர்பி மென்பொருள் ஒரே பயனர் கணக்கின் பெயரில்தானே சர்வரோடு பேசுகிறது, ஒரு கேல் போதாதா? போதாது. நடுவில் எந்த மென்பொருள் நின்றாலும் எண்ணிக்கை கடைசியில் உட்கார்ந்திருக்கும் ஆளையோ கருவியையோ வைத்துத்தான்.

பதில் 1

நல்ல பதிவு, அண்ணா. மதுரையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் நான் பார்த்ததையும் சேர்க்கிறேன். ஊழியர்கள் அனைவரும் ரிமோட் டெஸ்க்டாப் (தம் கணினியிலிருந்தே சர்வரின் திரையைத் திறந்து வேலை செய்யும் வசதி) வழியாக சர்வரிலேயே டாலி ஓட்டினார்கள். அதற்கு வழக்கமான கேல் போக அந்த வசதிக்கான ஆர்டிஎஸ் கேல் தனியாக வேண்டும். வழக்கமான கேல் போலல்ல, இது இல்லையென்றால் சர்வர் தடுக்கும். முதல் 120 நாள் சலுகைக் காலம் என்பதால் எல்லாம் சரியாகவே தோன்றியது. அது முடிந்ததும், வரிக் கணக்குத் தாக்கல் மும்முரத்தில், ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. பாவம், அங்கே வேலை செய்யும் பெண்கள் இரவு முழுவதும் அலுவலகத்தில் இருந்தார்கள்.

பதில் 2

பழைய கேல் கையில் வைத்திருப்போர் கவனிக்க: 2022 கேல் இருந்தால் 2019 சர்வரையும் அணுகலாம்; 2019 கேலை வைத்துக்கொண்டு 2022 சர்வரை அணுக முடியாது. பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கு விண்டோஸ் சர்வரின் எசென்ஷியல்ஸ் என்ற சிறு பதிப்பை முதலில் விசாரியுங்கள். 25 பயனர், 50 கருவி வரை அதற்குக் கேல் தேவையில்லை. பல விற்பனையாளர்கள் தாமாக அதன் பெயரை எடுப்பதில்லை; நீங்களே கேளுங்கள்.