பேசிக்கான்ஃபிக் பலிக்கவில்லை, ஐசிஎம்பி வகை 69 என்று வருகிறது

கேள்வி: லினக்ஸ், பைத்தான் 3.11. ரா சாக்கெட்டில் (பாக்கெட்டை நேரடியாகக் கையாளும் சாக்கெட்) ஐசிஎம்பி எக்கோ ரிக்வெஸ்ட், அதாவது பிங், அனுப்பிப் பதிலைப் படிக்கிறேன். லாக் எழுத லாகிங் மாட்யூலின் பேசிக்கான்ஃபிக்கில் ஃபைல் பெயரும் டீபக் லெவலும் கொடுத்தும் ஃபைலே உருவாகவில்லை. வார்னிங் மட்டும் திரையில் வருகிறது. பதிலின் முதல் பைட்டைப் பார்த்தால் எப்போதும் 69. எக்கோ ரிப்ளைக்கு வகை 0 தானே?

பதில் 1: ரூட் லாகருக்கு (எல்லா லாகருக்கும் மேலே இருப்பது) ஏற்கெனவே ஒரு ஹேண்ட்லர் (லாக் எங்கே போக வேண்டும் என்பதைக் கவனிப்பது) இருந்தால் பேசிக்கான்ஃபிக் சத்தமில்லாமல் திரும்பிவிடும். அதற்கு முன்னால் எங்கோ லாகிங்.இன்ஃபோ அழைக்கப்பட்டிருக்கும், இம்போர்ட் செய்த மாட்யூலிலும் தேடுங்க. அந்த ஒரு அழைப்பே திரைக்கு ஹேண்ட்லரைப் போட்டுவிடும். ஃபோர்ஸ்=ட்ரூ கொடுத்தால் (3.8 முதல் உண்டு) பழையது நீங்கும். ஆனாலும் மாட்யூல்களில் கெட்லாகர் மட்டும் வைத்து, அமைப்பை மெயினில் ஒரே தடவை செய்வதுதான் சரி.

பதில் 2: 69 ஐபி ஹெடரின் முதல் பைட். ஹெக்ஸில் 45: பதிப்பு 4, ஹெடர் நீளம் 5 சொல் (ஒரு சொல் 4 பைட்), அதாவது 20 பைட். ஐபிவி4 ரா சாக்கெட் ஹெடரோடுதான் தரும். 20 என்று நேரடியாக எழுதாதீங்க, ஆப்ஷன் இருந்தால் நீளம் மாறும். முதல் பைட்டை 15-உடன் ஆண்ட் செய்து 4-ஆல் பெருக்கி, அங்கிருந்து படிங்க. ரிக்வெஸ்டில் நீங்கள் வைத்த ஐடென்டிஃபையர் எண்ணையும் பதிலில் சரிபாருங்க, மெஷினுக்கு வரும் மற்ற பிங் பதில்களும் இதே சாக்கெட்டில் விழும். 127.0.0.1-க்கு அனுப்பினால் உங்கள் ரிக்வெஸ்டே வகை 8 ஆகத் திரும்பி வரும்.

கேள்வி கேட்டவர்: இரண்டும் சரியாச்சு, நன்றி. சூடோ இல்லாமல் ஓட்ட வழி உண்டா?

பதில் 2: செட்கேப் கமாண்டில் கேப்_நெட்_ரா (ரா சாக்கெட் திறக்கும் உரிமை) கொடுக்கலாம். ஆனால் அது பைத்தான் பைனரிக்குப் போகும், அதில் ஓடும் எல்லா ஸ்கிரிப்டுக்கும் அந்த உரிமை கிடைத்துவிடும். பிங் மட்டும் போதுமென்றால் சாக்_டிகிராம் வகையில் ஐசிஎம்பி சாக்கெட் திறங்க. பிங்_குரூப்_ரேஞ்ச் என்ற கர்னல் அமைப்பில் உங்கள் குரூப் இருக்க வேண்டும். அதில் ஐபி ஹெடர் வராது, ஐடென்டிஃபையரைக் கர்னலே மாற்றிவிடும். அதனால் சீக்வன்ஸ் எண்ணை வைத்துப் பொருத்துங்க.