ஸ்பிரிங் டிரெய்னிங்: அந்த ஒன்பது ஹோம் ரன் கணக்கில் வருமா, வராதா?

மேசாவெயில்:
பேஸ்பால் சீசனுக்கு முன் பிப்ரவரி, மார்ச்சில் அணிகள் ஆடும் பயிற்சி ஆட்டங்கள்தான் ஸ்பிரிங் டிரெய்னிங். போன வாரம் வேறொரு இழையில் அதைப் பற்றி அக்டோபர்காரன் இப்படி எழுதியிருந்தார்: “ஸ்பிரிங் டிரெய்னிங்கில் நடக்கும் எதற்கும் மதிப்பு கிடையாது. அதற்காக அரிசோனா போகிறவர்கள் வெயில் காயப் போகிறார்கள், பேஸ்பால் பார்க்க அல்ல.” மூன்று நாள் பொறுத்தேன். மனசு ஆறவில்லை.

நான் சிகாகோ கப்ஸ் அணியின் ரசிகன். அரிசோனாவின் மேசாவில் கப்ஸின் இப்போதைய பயிற்சி மைதானம் திறந்த 2014-லிருந்து மார்ச்சில் ஒரு வாரம் அங்கே போய்க்கொண்டிருக்கிறேன். ஆட்டம் மதியம் ஒரு மணிக்குத்தான். நான் காலையிலேயே பின்பக்கப் பயிற்சித் திடல்களின் வேலியோரம் போய் நின்றுவிடுவேன். பத்தடி தூரத்தில் பிட்சர் (பந்து வீசுகிறவர்) வீசுகிறார். கேட்சரின் கையுறையில் பந்து விழும் சத்தத்தை வைத்தே, யாருடைய தோள் தேறிவிட்டது, யார் இன்னும் பயந்து பயந்து வீசுகிறார் என்று சொல்லிவிடலாம். சிகாகோவில் கப்ஸின் சொந்த மைதானமான ரிக்லியில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்தச் சத்தம் காதில் விழாது.

எதற்குமே மதிப்பில்லையாம். 2015 மார்ச்சில் கப்ஸின் கிரிஸ் பிரையன்ட் 14 ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன் (பந்தை வேலிக்கு மேல் அடித்து அனுப்புவது) அடித்தார், பேட்டிங் சராசரி .425. அந்த மார்ச்சில் எந்த அணியிலும் அவருக்கு மேல் அடித்தவர் இல்லை. அதே ஆண்டு தேசிய லீகின் சிறந்த புதுமுக விருது அவருக்கு. அடுத்த ஆண்டு எம்விபி, அதாவது லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது. ஒன்பது, ஐயா. கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

அக்டோபர்காரன்:
பார்த்தீர்கள், சரி. அப்புறம் என்ன நடந்தது என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஏப்ரல் 17 அன்று உச்சமட்டமான மேஜர் லீகில் அவருக்கு முதல் ஆட்டம், ரிக்லியிலேயே. நான்கு முறை பேட் பிடித்தார், ஒரு ஹிட் இல்லை, மூன்று ஸ்ட்ரைக்அவுட். முதல் ஹோம் ரன் வந்தது மே 9, மில்வாக்கியில். மார்ச்சில் 14 ஆட்டத்தில் ஒன்பது அடித்தவர், சீசனில் ஒன்றே ஒன்று அடிக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். உங்கள் ஒன்பதுக்கு என் பதில் மே 9.

மேசாவெயில்:
அந்த ஆண்டு மொத்தம் 26 அடித்தாரே, அதையும் எழுதுங்கள். பாதிக் கணக்கை மட்டும் காட்டுவது உங்கள் பழைய வழக்கம். பத்து வருடமாகப் பார்க்கிறேன்.

அக்டோபர்காரன்:
பாதிக் கணக்கு என்ற பேச்சு வந்ததால் கேட்கிறேன். 2011-ல் எல்லா அணிகளையும் சேர்த்து ஸ்பிரிங் டிரெய்னிங்கில் அதிக ஹோம் ரன் அடித்தவர் யார்? ஓரியோல்ஸ் அணியின் ஜேக் ஃபாக்ஸ். பத்து. உங்கள் ஒன்பதைவிட ஒன்று கூட. அந்த சீசனில் அவர் அடித்தது இரண்டு! அவர் முன்பு கப்ஸில் ஆடியவர்தான், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பத்துக்கு மதிப்பில்லை என்றால் ஒன்பதுக்கு எப்படி வரும்?

அங்கே எதிரில் வீசுகிறவர்களையும் கொஞ்சம் பாருங்கள். ஒருவர் பனிக்காலத்தில் பழகிய புதுப் பந்தைத் திரும்பத் திரும்ப வீசிச் சரிபார்க்கிறார். அடி வாங்கினாலும் அவருக்குக் கவலை இல்லை. ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாவது தாண்டினால் பெயர்பெற்றவர்கள் குளித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். முதுகில் 80, 90 என்று எண் போட்ட, கீழ்மட்டமான மைனர் லீக் பிள்ளைகள் உள்ளே வருவார்கள். ஆட்டம் சமனில்கூட முடியும். வெற்றி தோல்வி இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு எண்ணைப் பற்றிப் பேசுவதா?

புதுவரவு:
வணக்கம். குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். முதல் முறையாக அரிசோனா போகலாம் என்றிருக்கிறோம். இரண்டு குழந்தைகள், ஆறு வயது, ஒன்பது வயது. பிப்ரவரிக் கடைசியா, மார்ச் நடுவிலா, எது நல்லது?

மேசாவெயில்:
சமனில் முடிந்தால் என்ன? அந்த 80, 90 எண் போட்ட பிள்ளைகளில்தான் நாளைய அணி இருக்கிறது. 2013 மார்ச்சில் கப்ஸின் ஹாவியர் பாயெஸுக்கு இருபது வயது. தொடர்ந்து நான்கு முறை பேட் பிடித்து நான்கு ஹோம் ரன் அடித்தார். அப்போது எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? மூன்று வருடம் கழித்து கோப்பைக்கான இறுதிப் போட்டியான உலகத் தொடரில் அவர் ஆடியபோது எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு முன்பே தெரியும். அந்த மகிழ்ச்சி கோப்பை ஆட்டங்கள் நடக்கும் அக்டோபரில் மட்டும் டிவி போடுகிறவர்களுக்கு வாய்க்காது.

ஃபாக்ஸ் கதை பழசு. ஃபாக்ஸ் வேறு, பிரையன்ட் வேறு. ஒன்பது என்பது வெறும் எண் இல்லை. அந்தப் பந்துகள் போன உயரத்தையும் அவர் பேட்டை விட்ட விதத்தையும் நேரில் பார்த்திருந்தால் இப்படிப் பேச மாட்டீர்கள்.

சிவப்புக்குருவி:
கார்டினல்ஸ் ரசிகை. அந்த அணி பயிற்சி செய்யும் ஃபுளோரிடாவின் ஜூபிடருக்கு நான்கு முறை போயிருக்கிறேன். இந்த விஷயத்தில் மேசாவெயில் சொல்வதுதான் சரி. ஆனால் இவ்வளவு பலவீனமான சாட்சியை ஏன் பிடித்துத் தொங்குகிறார் என்று தெரியவில்லை. 2001-ல் ஆல்பர்ட் பூஹோல்ஸ் கார்டினல்ஸ் முகாமுக்கு வந்தபோது மைனர் லீகின் மேல்படியான டிரிபிள் ஏ நிலையில் மூன்றே ஆட்டம் ஆடியிருந்தார். அணியில் இடம் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. மார்ச் முழுக்க அடித்தார், அணியிலிருந்த பாபி போனியாவுக்குக் காயம் பட்டது, இடம் கிடைத்தது. அந்த ஆண்டே 37 ஹோம் ரன், 130 ஆர்பிஐ (அவர் அடியால் அணிக்கு வந்த ஓட்டங்கள்), புதுமுக விருது. ஸ்பிரிங் டிரெய்னிங் ஒருவருடைய வாழ்க்கையையே மாற்றியது. அதுதான் சாட்சி.

இன்னொன்று. அரிசோனாவின் காய்ந்த காற்றில் பந்து தூரம் போகும். ஃபுளோரிடா ஈரக்காற்றில் அடித்தால்தான் அடி. அங்கே விழுந்த ஒன்பதை இங்கே கொண்டுவந்தால் எத்தனை தேறுமோ.

மேசாவெயில்:
அக்கா, உங்கள் ஆதரவுக்கு நன்றி. ஆனால் கப்ஸ் பற்றிய பேச்சில் கார்டினல்ஸ் சாட்சி எனக்குத் தேவையில்லை. காய்ந்த காற்று என்றீர்கள். அதே காற்றில்தான் அரிசோனாவில் பயிற்சி செய்யும் பதினைந்து அணிகளும் அந்த மார்ச்சில் ஆடின. மற்றவர்கள் ஏன் ஒன்பது அடிக்கவில்லை?

ஃபுளோரிடா பெருமையும் வேண்டாம். மற்றப் பதினைந்து அணிகள் அந்த மாநிலத்தின் இரண்டு கரையிலும் சிதறிக் கிடக்கின்றன. ஜூபிடரிலிருந்து மேற்குக் கரைக்கு ஒரு ஆட்டம் பார்க்கப் போனால் பாதி நாள் காரில்தான். அரிசோனாவில் பதினைந்து அணிகளுக்குப் பத்து மைதானம், எல்லாம் ஃபீனிக்ஸைச் சுற்றியே. மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று பார்த்திருக்கிறேன்.

சிவப்புக்குருவி:
உங்களுக்காகப் பேச வந்தவளையே துரத்துகிறீர்கள். சரி. பயிற்சி முகாமின் வரலாறு தெரிந்தால் ஃபுளோரிடாவை இப்படி இளக்காரமாகப் பேச மாட்டீர்கள். 1946 மார்ச் 17 அன்று கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் ஆடினாரே, மான்ட்ரியால் அணிக்காக, டாட்ஜர்ஸுக்கு எதிராக. நிறத்தைக் காரணம் காட்டி வேறு ஊர்கள் அவரை ஆடவிட மறுத்த நேரம் அது. அதுவும் பயிற்சி ஆட்டம்தான். அதற்கும் மதிப்பில்லை என்று அக்டோபர்காரன் சொல்வாரா?

அக்டோபர்காரன்:
அதை நான் எங்கே சொன்னேன்? அது நாட்டின் வரலாறு, தலைவணங்குகிறேன். நான் பேசுவது ஒன்பது ஹோம் ரன்னைப் பற்றி. பேச்சை மாற்ற வேண்டாம்.

பூஹோல்ஸ் கதையில் நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள்: போனியாவுக்குக் காயம். காயம் இல்லையென்றால்?

தமிழ்ச்சொல்:
இவ்வளவு எழுதுகிறீர்கள், “ஸ்பிரிங் டிரெய்னிங்” என்பதற்கு ஒருவருக்கும் தமிழ் கிடைக்கவில்லையா? வசந்தகாலப் பயிற்சி என்றால் குறைந்தா போய்விடும்? பிட்சரை எறிவாளர் என்று சொல்லலாமே.

மேசாவெயில்:
தமிழ்ச்சொல் ஐயா, எறிவாளர் நல்ல சொல். ஆனால் என் வீட்டிலும் நண்பர்களிடமும் நான் சொல்வது பிட்சர்தான். பேசுகிற சொல்லில் எழுதுகிறேன். போன தடவையும் இதையே சொல்லி ஓர் இழையை நாற்பது பதிவு இழுத்தீர்கள். தயவுசெய்து இங்கே வேண்டாம்.

தமிழ்ச்சொல்:
நாற்பது அல்ல, பதினெட்டு. அதில் பதினொன்று உங்களுடையது.

மேசாவெயில்:
விஷயத்துக்கு வருகிறேன். மதிப்பில்லை என்றால் கப்ஸ் நிர்வாகம் ஏன் அப்படி நடந்துகொண்டது? ஒன்பது அடித்தவரை மார்ச் முடிவில் மைனர் லீகுக்கு அனுப்பினார்கள். பந்தைத் தடுத்துப் பிடிக்கும் திறன் இன்னும் தேற வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். ஏப்ரல் 17-ல் கூப்பிட்டுக்கொண்டார்கள். மேஜர் லீகில் ஒரு முழு சேவை ஆண்டு என்று கணக்கிட 172 நாள் வேண்டும். அவருக்குக் கிடைத்தது 171! ஒரே ஒரு நாள் குறைவு. அதனால் விருப்பப்படி வேறு அணிக்குப் போக முடியாமல் இன்னும் ஓர் ஆண்டு அவர் அணியின் பிடியில். வீரர்கள் சங்கம் முறையீடு செய்தது, 2020-ல் தீர்ப்பு அணியின் பக்கம் போனது. நான் கப்ஸ் ரசிகன்தான். ஆனாலும் அந்தப் பையனுக்கு நடந்ததை நினைத்தால் இன்றும் கசக்கிறது. அந்த ஒன்பதைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு, புல்மேட்டில் உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் ஏப்ரல் முதல் ஆட்டத்தில் அவரை எதிர்பார்த்தோம். அந்த எதிர்பார்ப்பைக் கொடுத்தது எது? மார்ச். வேறெதுவும் இல்லை.

அக்டோபர்காரன்:
நன்றாக எழுதினீர்கள். ஆனால் உங்கள் வாதத்தை நீங்களே கவிழ்த்துவிட்டீர்கள். ஒன்பதுக்கு மதிப்பு இருந்திருந்தால் அவர் ஏப்ரல் முதல் நாளே ரிக்லியில் நின்றிருப்பார். அணியே அதைக் கணக்கில் எடுக்கவில்லை. நீங்கள் எடுக்கிறீர்கள்.

பிரையன்ட் யார் என்று தெரிந்துகொள்ள அந்த மார்ச் தேவையே இல்லை. அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2013-ல், இரண்டாவது ஆள். 2014-ல் மைனர் லீகில் 43 ஹோம் ரன். 43 இருக்கும்போது எதற்கு ஒன்பது?

அணிகளின் கணக்கையும் பாருங்கள். 2013-ல் ராயல்ஸ் அணி மார்ச்சில் 25 வென்று 7 மட்டும் தோற்றது. சீசனில் 86-76, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்று இல்லை. 2016-ல் உங்கள் கப்ஸ் மார்ச்சில் ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். அந்த ஆண்டுதான் 108 வருடம் கழித்துக் கோப்பை வந்தது. மார்ச்சைப் பார்த்து நம்பியிருந்தால் அக்டோபரில் டிவியே போட்டிருக்க மாட்டீர்கள்.

மேசாவெயில்:
கோப்பை வந்தது அக்டோபரில் இல்லை, நவம்பர் 2. அக்டோபர்காரன் என்று பெயர் வைத்துக்கொண்டவருக்கு இதுகூடத் தெரியவில்லை.

அக்டோபர்காரன்:
ஆட்டம் நடந்தது கிளீவ்லாந்தில். மழைக்கு நின்று, பத்தாவது இன்னிங்ஸ் போய், முடிந்தபோது அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. ஆகவே நவம்பர் 3.

மேசாவெயில்:
சிகாகோவில் நவம்பர் 2. நான் சிகாகோவில் இருந்தேன்.

அக்டோபர்காரன்:
நானும்தான். அன்று இரவு நான் எழுதிய வாழ்த்துக்குக் கீழே “கடைசி வாரம் வந்து ஒட்டிக்கொண்டவர்கள் கொண்டாட வேண்டாம்” என்று நீங்கள் எழுதியதை மறக்கவில்லை. என் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார், அவரோடு உட்கார்ந்து அந்த சீசன் முழுக்கப் பார்த்தவன் நான். மேசாவுக்குப் போக எல்லோருக்கும் விடுமுறையும் பணமும் கிடைப்பதில்லை. அதனால் ரசிகன் இல்லை என்று ஆகிவிடுமா?

மேசாவெயில்:
ரசிகன் இல்லை என்று நான் சொல்லவில்லை. வெயில் காயப் போகிறோம் என்று எங்களைச் சொன்னது நீங்கள்.

புதுவரவு:
பிப்ரவரியா மார்ச்சா என்று மட்டும் யாராவது சொன்னால் டிக்கெட் எடுத்துவிடுவேன்.

சிவப்புக்குருவி:
ஃபுளோரிடா வாருங்கள். ஆட்டம் முடிந்து குழந்தைகளைக் கடலுக்குக் கூட்டிப்போகலாம்.

மேசாவெயில்:
அவர் கேட்டது அரிசோனா. புதுவரவு, குழந்தைகளுக்கு வீரர்களிடம் கையெழுத்து வாங்க ஆசை என்றால் பிப்ரவரிக் கடைசி. கூட்டம் குறைவு, வேலியோரம் நின்று பேசுவார்கள். பெரிய ஆட்டக்காரர்களை நிறைய நேரம் பார்க்க வேண்டும் என்றால் மார்ச் மூன்றாவது வாரம். அப்போது ஏழு எட்டு இன்னிங்ஸ்கூட ஆடுவார்கள். ஆனால் பள்ளி விடுமுறைக் கூட்டம், அறை வாடகை ஏறிவிடும். மேசா மைதானமான ஸ்லோன் பார்க்கில் 15,000 பேர் கொள்ளும், அதுவும் நிறைந்துவிடும். புல்மேட்டுச் சீட்டு எடுங்கள், ஒரு விரிப்பு கொண்டுபோங்கள், குழந்தைகள் ஓடலாம். தொப்பியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். காலையில் முதலில் பின்பக்கத் திடலுக்குப் போங்கள்.

2025 பிப்ரவரியில் வீசிய பந்து ஸ்ட்ரைக்கா (அடிக்கத் தக்கதா), பாலா என்ற நடுவரின் தீர்ப்பை எதிர்த்து இயந்திரத்திடம் முறையிடும் முறையைச் சோதித்தார்களே, முதல் முறையீடு செய்தவர் கப்ஸின் கோடி போட்டீட், டாட்ஜர்ஸுக்கு எதிராக. தொப்பியைத் தட்டினார், பால் என்றது ஸ்ட்ரைக் ஆனது. அடுத்த ஆண்டு அது சீசனுக்கே வந்துவிட்டது. இப்படி எல்லாம் முதலில் நடப்பது அங்கேதான். உங்கள் ஒன்பது வயதுப் பிள்ளை பெரியவனாகி, நான் முதலில் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள ஏதாவது ஒன்று கிடைக்கும். எனக்கு அந்த ஒன்பது கிடைத்த மாதிரி.

புதுவரவு:
மிக்க நன்றி அண்ணா. மகள். மார்ச் மூன்றாவது வாரமே போகிறோம்.

அக்டோபர்காரன்:
நல்ல யோசனைகள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. கடைசி வரியைத் தவிர. மே 9.

மேசாவெயில்:
26.

அக்டோபர்காரன்:
ஃபாக்ஸ், பத்து.

தமிழ்ச்சொல்:
சன்ஸ்கிரீனுக்கு வெயில்காப்புக் களிம்பு என்று எழுதலாம்.